ஊசித்துளை

மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குப் பெயர்ப்பலகை வந்தது
மூன்றாம் வருஷம்தான்.
அதுவரை, "ஜெராக்ஸ் கடை மாடியா?" என்று
கீழேயிருந்து கத்துவார்கள்.
ஆமாம் என்று மேலேயிருந்து கத்துவோம்,
நானும் ஜெய்புன்னிசாவும்.
விளம்பரச் செலவு அவ்வளவுதான்.

துணிப்பையில் அச்சு. அதுதான் தொழில்.
சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை,
அதில் பச்சைப் பசை பூசி, இருட்டில் உலர்த்தி,
விளக்கைக் காட்டிக் கழுவினால்
எழுத்து இருக்கும் இடம் மட்டும் திறக்கும்.
கடல்காற்று பசையை லேசில் காயவிடாது.
ஐப்பசி, கார்த்திகை முழுக்க
முடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துக்கொண்டு
சட்டத்தின் முன்னால் குந்தியிருப்போம்,
பெண்ணழைப்புக்கு நேரமாகிவிட்டவர்கள் போல.

தூசி விழுந்த இடமெல்லாம் ஊசித்துளை.
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால்
பழைய தகரக் கூரை மாதிரி மினுக்கும்.
தேடித் தேடி, பசை தொட்டு அடைக்க வேண்டும்.
இல்லையென்றால் வேண்டாத இடத்தில் மை.
எனக்கு இதில் கொஞ்சம் கர்வம்:
என் சட்டத்தில் ஒரு துளை பார்க்க முடியாது.

முதுநகரில் வலைக்கயிறு விற்கிற கலியபெருமாள்
மகள் கல்யாணத்துக்கு அறுநூற்றைம்பது பை கேட்டார்.
அதுவரை எங்களுக்கு வந்ததிலேயே பெரிசு.
அவர் கடைவாசலில் இறக்கியபோது
முகூர்த்தத்துக்கு மூன்று நாள்.
ஒரு பையை எடுத்தார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பாப்பா பேர்ல
ல-வுக்கு மேல ஒண்ணும் காணுமே."

தையலநாயகி.
அறுநூற்றைம்பது தையலநாயகி.

அடைத்தது நான்தான்.
புள்ளியை.
துளை என்று நினைத்து,
அத்தனை கவனமாக.

அவர் திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.
ப்ரூஃப் பார்த்து சரி சொன்னது உங்கள் மருமகன்,
மழைநாள், கரண்ட் இல்லை,
சொல்ல எவ்வளவோ இருந்தது.
கயிற்றை முழம்போட்டுக்கொண்டே சொன்னார்:
"நாளான்னிக்கு காலைல வண்டி அனுப்புறேன்."

ஜெய்பு கால்குலேட்டரைத் திறந்து, மூடினாள்.
புதுப் பைக்குக் காசில்லை.
இருந்தாலும் ஈரோட்டிலிருந்து அதற்குள் வராது.
தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை
அரக்கு மையில் தொட்டு,
ஒவ்வொரு ல-வின் தலையிலும் வைத்தோம்.
முதல் ஐம்பது நடுங்கின.
நூறுக்கு மேல் பேச்சு நின்றது.
முந்நூறில் அவள் சிரிக்க ஆரம்பித்து
நிறுத்த முடியாமல் அழுதாள்.
விடிகாலை பால்வண்டி சத்தம் கேட்கும்போது
பெருவிரல் மடங்கவில்லை.

அவர் பேசிய தொகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
குறைத்திருக்கலாம்.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
ஜெய்புவுக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது எங்கள் கொட்டேஷனில் ஒரு வரி உண்டு:
எழுத்து சரிபார்ப்பு, நூறு ரூபாய்.
எல்லோரும் அந்த வரியில்தான் பேரம் பேசுகிறார்கள்.
"பேரைப் படிச்சுப் பார்க்கிறதுக்குமா காசு?"
அதற்குத்தான் காசு, மற்றதெல்லாம் மை
என்று சொல்ல வாய்வரை வரும்.
ஐம்பதுக்கு ஒத்துக்கொள்வேன்.

பேங்க் மேனேஜர் ஆட்டோமேட்டிக் மெஷின் போடச் சொன்னார்,
மணிக்கு எண்ணூறு பை.
மணிக்கு எண்ணூறு தப்பு என்று
ஜெய்பு முணுமுணுத்தாள்.
லோன் கேட்டோம், மெஷினுக்கு இல்லை.
இன்னொரு மேஜைக்கும், நல்ல விளக்குக்கும்,
பள்ளிக்கூடத்தில் தமிழ் ஒழுங்காகப் படித்த
ஒரு பெண்ணின் ஆறு மாதச் சம்பளத்துக்கும்.
அவருடைய படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில்
சிதம்பரம் வண்டிக்கு நின்ற ஒருத்தி கையில்
எங்கள் பை. முருங்கைக்காய் எட்டிப் பார்த்தது.
எத்தனை துவைப்போ,
மாப்பிள்ளை பேர் போய்விட்டது,
மண்டபம் போய்விட்டது, தேதி போய்விட்டது,
நாயகியும் வெளுத்துத் துணியோடு துணி.

தீக்குச்சியில் வைத்தது மட்டும்
மை கெட்டியாக இறங்கி
அப்படியே இருந்தது,
கீழே எழுத்தே இல்லாமல்
ஒரு புள்ளி.

பஸ் வந்தது. அவள் ஏறினாள்.
நான் கடைக்குத் திரும்பி
காலையில் அடைத்த சட்டத்தை
இன்னொரு தடவை
விளக்குக்கு நேரே பிடித்தேன்.